12 கட்டமா, ஒரே சங்கிலியா? ஆங்கில டென்ஸ் கற்கும் மூன்று வழிகள்

ஆங்கில வினையைக் காலத்துக்கும் நோக்கத்துக்கும் ஏற்ப மாற்றக் கற்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. 12 கட்ட டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்வது ஒன்று. ஹேவ், பீ, வில் போன்ற துணைவினைகள் ஒன்றையொன்று எப்படிச் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன என்ற விதியைப் பிடிப்பது இன்னொன்று. இலக்கணம் பக்கமே போகாமல் முழு வாக்கியங்களாகக் கேட்டுப் பழகுவது மூன்றாவது. என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான். ஆனாலும் அது கைகொடுக்காத ஓர் இடம் உண்டு.

அட்டவணையில் 3 காலம், காலத்துக்கு 4 வகை: சிம்பிள், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ். பெயர்கள் பதிந்துவிடும், தேர்வில் கோடிட்ட இடத்தையும் நிரப்பிவிடலாம். ஆனால் “ஷுட் ஹேவ் பீன் ரைட்டிங்” என்று ஒருவர் சொன்னால் அதற்கு இதில் கட்டமே கிடையாது. பாசிவ் வாய்ஸுக்கு இன்னொரு அட்டவணை, கேள்விக்கு ஒன்று, எதிர்மறைக்கு ஒன்று என்று சுமை ஏறிக்கொண்டே போகும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விதி என்பதை இத்தனை கட்டங்களும் சேர்ந்து மறைத்துவிடுகின்றன. அட்டவணை மேல் எனக்குள்ள பெரிய குறையே இதுதான்.

அந்த விதியை 1957-இல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி ஒற்றை வரியில் எழுதிக் காட்டினார்; பாசிவை மட்டும் தனி விதியாக வைத்தார். இரண்டையும் சேர்த்து வகுப்பறை மொழியில் சொன்னால் இவ்வளவுதான்: முதலில் மோடல் (கேன், வில், ஷுட் போன்றவை), அப்புறம் பெர்ஃபெக்ட்டுக்கான ஹேவ், அப்புறம் கன்டினியூவஸுக்கான பீ, அப்புறம் பாசிவுக்கான பீ, கடைசியில் முக்கிய வினை. வேண்டாததை விட்டுவிடலாம், வரிசை மட்டும் மாறாது. ஒவ்வொரு துணைவினையும் தனக்கு அடுத்து நிற்கும் சொல்லின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. மோடலுக்கு அடுத்து வி1 (ரைட்), ஹேவுக்கு அடுத்து வி3 (ரிட்டன்), கன்டினியூவஸ் பீக்கு அடுத்து ஐஎன்ஜி (ரைட்டிங்), பாசிவ் பீக்கு அடுத்து வி3. காலம் காட்டும் வேலை முதல் சொல்லுக்கு மட்டுமே.

முதல் இடத்தில் நிகழ்காலம், இறந்தகாலம், அல்லது 9 மோடல்களில் ஒன்று வரலாம். ஆக 11 வாய்ப்பு. மற்ற மூன்று துணைவினைகளும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதில் 8 சேர்க்கை. 11-ஐ 8-ஆல் பெருக்கினால் மொத்தம் 88 வடிவங்கள். “ஹேஸ் பீன் பீயிங் ரிட்டன்” போன்ற சிலவற்றை யாரும் அனேகமாகப் பேசுவதில்லை. ஆனால் காதில் விழுந்தால் பொருள் பிடிபடும். கேள்வி கேட்க முதல் துணைவினையை எழுவாய்க்கு முன்னால் நகர்த்தினால் போதும், மறுக்க அதன் பின்னால் நாட் போட்டால் போதும். துணைவினையே இல்லாவிட்டால் டூ வந்து அந்த இடத்தை நிரப்பும். “வில் கேன்” ஏன் தவறு என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்: மோடலுக்கு முதல் இடம் தவிர வேறு இடமில்லை. அதனால்தான் “வில் பீ ஏபிள் டு” என்று சுற்றிப் போகவேண்டியிருக்கிறது.

தமிழ் பேசுகிறவருக்கு இந்தச் சங்கிலி புதிதே இல்லை. “எழுதிக்கொண்டிருந்திருப்பேன்” என்பதை வலமிருந்து பிரித்துப் பாருங்கள். ‘ஏன்’ விகுதியைத் தள்ளிவிட்டால், முதலில் எதிர்காலம் காட்டும் ‘ப்ப்’, அடுத்து ‘இரு’, அடுத்து ‘கொண்டிரு’, கடைசியில் ‘எழுது’. “வில் ஹேவ் பீன் ரைட்டிங்” என்பதை இடமிருந்து பிரித்தால் அதே வரிசை: எதிர்காலம், பெர்ஃபெக்ட், கன்டினியூவஸ், வினை. நாம் கடைசியில் காட்டும் காலத்தை அவர்கள் முதலிலேயே காட்டிவிடுகிறார்கள். “டிட் நாட் வென்ட்” என்று எழுதுகிறவர்கள் தமிழில் “போனவில்லை” என்று எழுதமாட்டார்கள். “போகவில்லை” என்பதில் ‘போக’ காலம் காட்டாததுபோலவே, டிட் வந்த பிறகு கோ காலம் காட்டாது.

நடக்காததைப் பற்றிய பேச்சில் இந்த ஒற்றுமை இன்னும் அழகு. “தெரிந்திருந்தால் வந்திருப்பேன்” என்பதில் இரண்டு பக்கமும் ‘இரு’. “இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்” என்பதில் இரண்டு பக்கமும் ஹேவ். ‘இருந்தால்’ பக்கம் ‘ப்பேன்’ வராது. இஃப் பக்கம் வுட் வராது. அட்டவணையில் கண்டிஷனல் என்று தனிப் பாடமாகப் பயமுறுத்தும் பகுதி இது. “இஃப் ஐ வேர்” போன்ற, கற்பனையையோ விருப்பத்தையோ காட்டும் சப்ஜங்ட்டிவ் வடிவங்கள் கொஞ்சம்தான், அவற்றை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, சங்கிலி எங்கே கைவிடுகிறது? எந்த வடிவம் எப்போது என்ற கேள்வியில். “ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே” சங்கிலிப்படி பிசகில்லாத வடிவம், ஆனாலும் தவறான வாக்கியம். இங்கே தமிழே நம்மைத் தடுக்கிவிடுகிறது, ஏனென்றால் “நேற்றே வந்திருக்கிறார்” என்பது நமக்குச் சரி. தத்துவ அறிஞர் ஹான்ஸ் ரைஷன்பாக் 1947-இல் பேசும் நேரம், நிகழும் நேரம், நோக்கும் நேரம் (எந்த நேரத்தில் நின்று நிகழ்வைப் பார்க்கிறோம் என்பது) என்று மூன்றாகப் பிரித்தது இதற்குப் பயன்படும். பிரசன்ட் பெர்ஃபெக்ட்டில் நோக்கும் நேரம் இப்போது; யெஸ்டர்டே அதை நேற்றுக்கு இழுக்கிறது, அதனால் ஒட்டவில்லை. விளக்கம் தெரிந்தாலும் பேசும்போது யோசிக்க நேரம் இருக்காது. நிறைய வாக்கியம் கேட்ட காதுதான் காப்பாற்றும், இதில் மூன்றாவது வழிக்கு நிகரில்லை.

ஆனால் காதை மட்டும் நம்பினால் வேறு சிக்கல். “ஷீஸ்” என்று கேட்டால் அது ஷி இஸ்ஸா, ஷி ஹேஸா? “ஐட்” என்றால் ஹேடா, வுடா? சங்கிலி தெரிந்தவர் அடுத்த சொல்லைப் பார்ப்பார். “ஐட் ரிட்டன்” என்றால் ஹேட், “ஐட் ரைட்” என்றால் வுட். கேட்டே பழகியவர்களிலும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும்கூட, “வுட் ஹேவ்” என்பதை “வுட் ஆஃப்” என்று எழுதுகிறவர்கள் உண்டு.

அடுத்த வாரம் தேர்வு என்றால் அட்டவணையே போதும். எழுதவும் பேசவும் வேண்டுமென்றால் ரைட் என்ற ஒரே வினையை எடுத்துக்கொண்டு சங்கிலியில் தொடங்குங்கள்: ரைட்ஸ், இஸ் ரைட்டிங், ஹேஸ் பீன் ரைட்டிங், மைட் ஹேவ் பீன் ரைட்டிங். ஒவ்வொன்றையும் கேள்வியாக்குங்கள், மறுத்துப் பாருங்கள், பக்கத்தில் தமிழ் வடிவத்தையும் எழுதுங்கள். கை தடுமாறாத அளவுக்குப் பழகியதும், யெஸ்டர்டே, சின்ஸ், ஆல்ரெடி வரும் வாக்கியங்களைத் தேடித்தேடிக் கேளுங்கள்.