கழுத்தில் மாட்டும் ரிமோட் மைக்: ஒரு கல்வியாண்டு பயன்படுத்திய பிறகு

நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன கல்வியாண்டில், இரண்டு காதிலும் மெஷின் வைத்திருக்கும் ஒரு மாணவி என் வகுப்பில் சேர்ந்தாள். அவளுக்காகப் பள்ளி ஒரு ரிமோட் மைக் வாங்கிக் கொடுத்தது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஆசிரியர் கழுத்தில் மாட்டிக்கொண்டால், அவர் குரலை ரேடியோ அலை வழியாக நேராகக் காது மெஷினுக்கு அனுப்பும். ஒரு வருடம் தினமும் பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

"காதில்தான் மெஷின் இருக்கிறதே, முதல் பெஞ்சில் உட்கார வைத்தால் போதாதா?" என்று ஆரம்பத்தில் நானும் கேட்டேன். அவளுடைய ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர், பொறுமையாக விளக்கினார். காது மெஷின் என் குரலைப் பெரிதாக்கும்போது மின்விசிறிச் சத்தத்தையும் நாற்காலி இழுபடும் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. நான் விலகிப் போகப் போக என் குரல் தேய்கிறது. தூரம் இரு மடங்கானால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். வகுப்பின் இரைச்சலோ அப்படியே இருக்கும். செவித்திறன் குறைந்த குழந்தைக்கு ஆசிரியரின் குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது கூடுதலாகக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. கடைசி வரிசைக்கு நடந்துபோய் அங்கிருந்து பேசும் என்னைப் போன்ற ஆசிரியரிடம் அது நடக்காத காரியம். மைக் மட்டும் நான் எங்கே போனாலும் என் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

முதல் நாளே சோதித்துப் பார்த்தோம். வகுப்பின் கடைசியில் நின்று, ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு சொற்களைச் சொன்னேன். மைக் இல்லாதபோது பாதிக்கு மேல் தவறவிட்டாள். மைக்கோடு ஒன்றே ஒன்றுதான் தவறியது. தாளை எடுத்துவிட்டு உதட்டைப் பார்த்துச் சொல்லச் சொன்னபோது நான் ஒன்று கற்றுக்கொண்டேன்: "படம்", "மடம்" இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசைகிறது. குரல் தெளிவாக வராமல் உதட்டை மட்டும் நம்பிப் படிக்கும் பிள்ளை நாள் முழுக்க ஊகித்துக்கொண்டே இருக்கிறது. மதியத்துக்குள் அவள் ஏன் அவ்வளவு களைத்துப் போனாள் என்பதும் அன்றுதான் புரிந்தது. இப்போது புதிய பாடத்தைப் பீரியடின் முதல் பாதியிலேயே முடித்துவிடுகிறேன்.

சரி, குறைகள். என் அடையாள அட்டை மைக்கில் மோதும் சத்தம் அவள் காதில் டொக் டொக் என்று அடித்திருக்கிறது. மூன்று நாள் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருந்தாள். மைக் ஓடுகிறதா, நிறுத்தியிருக்கிறதா என்று காட்டும் மியூட் விளக்கு வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்கிறது, மாட்டியிருப்பவருக்குத் தெரியாது. அதனால் ஒருநாள் பெரிய தப்பு நடந்தது. இன்னொரு மாணவனை வராந்தாவுக்கு அழைத்துப்போய் அவன் வீட்டுப் பிரச்சினையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மைக் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு முழுவதும் கேட்டுவிட்டது. இருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன். இப்போது வாசலைத் தாண்டும் முன் கை தானாக மியூட் பொத்தானுக்குப் போகிறது.

ஆனால் இந்தக் கருவியின் உண்மையான எல்லையை எனக்குக் காட்டியது அவளுடைய நோட்டுதான். இரண்டாவது மாதம் திருத்தும்போது பார்த்தேன். "இலை ஏன் பச்சையாக இருக்கிறது?" என்று நான் கேட்ட கேள்வி அழகாக எழுதப்பட்டிருந்தது. அதற்கு அடுத்த வரியில், "மிகச் சரி! அதேதான்." நடுவில் பதில் இல்லை. பதிலைச் சொன்னது ஜன்னலோரம் இருந்த பையன். அவன் கழுத்தில் மைக் இல்லை. பக்கம் பக்கமாக அப்படியே இருந்தது. வகுப்பில் பேசுவது நான் மட்டும்தானா? பாதிப் பாடம் மற்ற பிள்ளைகளின் வாயிலிருந்துதான் வருகிறது. அந்தப் பாதி அவளுக்கு வந்து சேரவே இல்லை.

அதற்குப் பிறகு, பேசுபவர் கைக்கு மைக் போக வேண்டும் என்று விதி வைத்தோம். சின்னப் பதிலாக இருந்தால் நானே திருப்பிச் சொல்லிவிடுவேன். மைக் கைமாற ஐந்தாறு நொடி ஆகும். நேரம் வீணாகிறதே என்று முதலில் கவலைப்பட்டேன். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீளமாகவும் தெளிவாகவும் வருகின்றன என்று 1970களிலேயே அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். பயிற்சிக் காலத்தில் படித்தும் நான் கடைப்பிடிக்காத விஷயம் அது. மைக் போய்ச் சேரும்வரை வேறு வழியில்லாமல் காத்திருந்தேன். வழக்கமாகக் கை தூக்காத பிள்ளைகள் தூக்க ஆரம்பித்தார்கள். குரலே வெளியே வராத ஒரு பெண், மைக் கையில் வந்ததும் முழு வாக்கியமாகப் பேசினாள்.

குழு வேலைக்கு மைக்கை மேசை நடுவில் படுக்க வைக்கலாம் என்று கையேடு சொல்கிறது. நாலைந்து பேர் அமைதியாகப் பேசினால் நன்றாக வேலை செய்கிறது. பக்கத்துக் குழு சத்தம் போட்டால் அதையும் சேர்த்து அனுப்பிவிடும். அவள் குழுவை நூலகத்துக்கு அனுப்பித்தான் சமாளிக்கிறேன். வீடியோ போடும்போது ஒயர் செருகினால் ஒலி நேராகப் போகும். இருந்தாலும் எழுத்து ஓடும் வீடியோவாகவே தேடி எடுங்கள். அப்புறம், மைக் இருக்கிறது என்ற தைரியத்தில் பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள். முகமும் குரலும் சேர்ந்து கிடைத்தால்தான் அவளுக்குப் பாரம் குறைகிறது.

வாங்கலாமா? கண்டிப்பாக வாங்கலாம். ஆனால் முதலில் பிள்ளையின் காது மெஷினோடு இது சேருமா என்று ஆடியாலஜிஸ்டிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். கயிற்றோடு கிளிப்பும் இருக்கிறதா, மியூட் விளக்கு மாட்டியிருப்பவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். முடிந்தால் மாணவர்களுக்கென இரண்டாவது மைக் ஒன்று கேளுங்கள்.

பழுதானால் மாற்று மைக் தருவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். எங்களுக்குத் தரவில்லை. சார்ஜ் போடும் இடம் உடைந்து, சரிசெய்து வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும், பதில் சொல்கிறவர் எழுந்து அவள் பக்கம் திரும்பி, அவள் பார்க்கும்வரை காத்திருந்துதான் பேசினார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மைக் திரும்பி வந்த காலையில் அதை என் கழுத்தில் மாட்டிவிட்டது அவள்தான். மாட்டும் முன், அடையாள அட்டையைக் கழற்றச் சொன்னாள்.