மீஷோ ரிட்டர்ன்: கூரியர் காசு கொடுக்காமல் ஆறு முறை

ராஜபாளையத்தில் அம்மாவின் காலுக்குச் செருப்பு வாங்குவது பெரும்பாடு. ஐந்தாம் நம்பர், அதிலும் முன்பக்கம் அகலமாக வேண்டும். பெருவிரல் பக்கம் எலும்பு புடைத்திருக்கிறது. முட்டிவலியோடு அம்மாவைக் கடை கடையாக ஏற்றி இறக்க மனசு வராமல்தான் மீஷோ என்ற ஆன்லைன் ஷாப்பிங் ஆப்பில் வாங்கத் தொடங்கினேன். செருப்பு, நைட்டி, சுடிதார் என்று இதுவரை முப்பது தடவையாவது வாங்கியிருப்பேன். ஆறு தடவை திருப்பி அனுப்பினேன். ஒன்றுக்கும் கூரியர் காசு கொடுக்கவில்லை.

இதில் நிறையப் பேர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. பல பொருட்களுக்கு வாங்கும்போதே இரண்டு விலை காட்டுகிறார்கள். குறைந்த விலையை எடுத்தால், பழுதாகவோ மாறியோ வந்தால் மட்டும்தான் திருப்ப முடியும். கொஞ்சம் கூடுதலான விலையை எடுத்தால் அளவு சரியில்லை, பிடிக்கவில்லை என்றாலும் திருப்பலாம். அம்மாவின் செருப்புக்கு அந்த வித்தியாசம் 18 ரூபாய். காலில் போடுகிற பொருளுக்கு நான் எப்போதும் கூடுதல் விலையைத்தான் எடுப்பேன். பாத்திரம், தலையணை உறை போன்றவற்றுக்குக் குறைந்த விலையே போதும்.

செருப்பு வந்ததும் பெட்டியைக் கிழிக்காமல் பிரிப்பேன். கூடத்தில் பாயை விரித்து, அதன் மேல் அம்மாவை நாலு நடை நடக்கச் சொல்வேன். அடியில் மண் ஒட்டக்கூடாது, டேக் அறுந்திருக்கக்கூடாது. சரியில்லை என்றால் அன்றைக்கே ஆப்பில் காரணத்தைக் குறித்து, போட்டோ ஏற்றிவிடுவேன். ஏழு நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டால் மறந்துவிடும். போன மாதம் பிக்கப்புக்கு வந்த தம்பி வாசலிலேயே பெட்டியைத் திறந்து, நிறம், அளவு, டேக் எல்லாம் பார்த்துவிட்டு, "சரியா இருக்குக்கா" என்று எடுத்துக்கொண்டு போனார். கையில் பணம் கொடுத்து வாங்கியதால் யுபிஐ ஐடி கேட்டார்கள். நான்காம் நாள் பணம் கணக்கில் ஏறிவிட்டது.

இதன் அருமை எனக்குப் புரிந்தது வேறொரு இடத்தில். இன்ஸ்டாகிராமில் ஒரு சேலைக் கடையில் 1,450 ரூபாய்க்குச் சேலை எடுத்தேன். படத்தில் மாந்தளிர் நிறம், கையில் வந்தது செங்கல் நிறம். பார்சல் பிரிக்கும் வீடியோ இருந்தால்தான் பேசுவோம் என்றார்கள். வீடியோ இருந்தது. அப்புறம், நீங்களே கூரியர் போடுங்கள் என்றார்கள். 120 ரூபாய் கொடுத்து அனுப்பினேன். அந்தக் காசு திரும்பவே இல்லை.

அப்போது எனக்குச் சட்டம் தெரியாது. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. ஆன்லைனில் விற்பவர்கள், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020இல் தனி விதிகளே வந்தன. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். ஆனால் பொருள் நன்றாக இருந்து, நமக்குப் பிடிக்கவில்லை என்றால் சட்டம் துணைக்கு வராது. கடைக்காரர் ஒத்துக்கொண்டால்தான் உண்டு. அதனால்தான் அந்த 18 ரூபாயை யோசிக்காமல் கொடுக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் சித்தப்பா மகன் திருப்பூரில் லெக்கின்ஸ் தைத்து மீஷோவில் விற்கிறான். வாங்கியவர் திருப்பி அனுப்பினால் அந்தக் கூரியர் செலவு விற்பவர் கணக்கில்தான் கழியும் என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அளவு சரியில்லன்னு திரும்பி வந்தா பரவாயில்லக்கா. நல்ல துணிய டேமேஜ்னு பொய்யா போட்டு அனுப்புறாங்க பாரு, அதுதான் வலிக்குது" என்றான். அதிலிருந்து காரணத்தை உள்ளபடியே குறிக்கிறேன்.

வாங்குவதற்கு முன்பும் இப்போது ஒரு வேலை செய்கிறேன். அம்மாவின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து, நீளமும் அகலமும் சென்டிமீட்டரில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். அளவு அட்டவணையோடு ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் போடுவது. அப்படி வாங்கிய கடைசி இரண்டு ஜோடியும் திரும்பிப் போகவில்லை. பழுப்பு நிறத்தில் இருப்பதைத்தான் அம்மா கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிறார்.