டர்பன் பதிப்பு வகுப்பு: கட்டணம் கொடுக்கலாம், பேக்கேஜ் வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஓவர்போர்ட் பக்கம் ஒரு சின்ன அச்சகம், மாதம் ஒரு சனிக்கிழமை, புத்தகம் போட ஆசைப்படுகிறவர்களுக்கு முழுநாள் வகுப்பு நடத்துகிறது. கட்டணம் 1,450 ரேண்ட், மதியச் சாப்பாடும் அதில் சேர்த்தி. சாயங்காலம் கிளம்பும்போது, புத்தக வேலை முழுவதையும் அவர்களே முடித்துத் தரும் ‘பேக்கேஜ்’ என்று ஒரு தாளைக் கையில் கொடுக்கிறார்கள். அது 18,500 ரேண்டில் ஆரம்பிக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வகுப்புக்குப் போங்கள், அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். குறையும் சொல்லப்போவதால் கடைப்பெயரை எழுதவில்லை.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. இங்கே ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமை சாட்ஸ்வொர்த்தில் கோயில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் பாட்டிமார், கரும்புத் தோட்டத்துக் காலத்தைப் பற்றித் தங்கள் அம்மா, ஆத்தா சொன்னதை எனக்குச் சொல்வார்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் கூலிகளை இங்கே இறக்கியதிலிருந்து வாய்வழியாகவே வந்த கதைகள். பாட்டிக்குத் தமிழ் பேச்சில் மட்டும், பேத்திக்கு இங்கிலீஷ் மட்டும். அதனால் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இங்கிலீஷ் என்று ஒரு புத்தகம் போட நினைத்தேன். போட வழிதான் தெரியவில்லை.

வகுப்பு எடுப்பவர் முன்பு பத்திரிகையில் அச்சுக்கோர்ப்பு பார்த்தவர். எல்லோரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறோம். ஆள் நேர்மையானவர், அதையும் சொல்லத்தான் வேண்டும். காலையில் முதல் பாடமே, “பதிப்பாளர் என்றால் உனக்குக் காசு கொடுக்கிறவர். உன்னிடம் காசு கேட்கிறவர் அச்சடித்துத் தருகிற ஆள், அவ்வளவுதான்” என்றார். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர், இங்கிலாந்திலிருந்து ‘உங்கள் கையெழுத்துப்படி தேர்வாகிவிட்டது’ என்று வந்த கடிதத்தைப் பெருமையாக எடுத்துக் காட்டினார். அங்கிள் கடைசிப் பக்கத்துக்குப் போய் அவர்கள் கேட்டிருந்த தொகையில் விரலை வைத்தார். போலீஸ்காரர் அதற்கப்புறம் டீ வேளை வரை பேசவில்லை.

ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் உள்ள அடையாள எண், அதைப் பற்றிச் சொன்னதற்கு மட்டுமே பாதிக் கட்டணம் தகும். தென்னாப்பிரிக்காவில் அந்த 13 இலக்க எண்ணைத் தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது. தனி ஆளாகப் புத்தகம் போடுகிறவருக்கும் உண்டு. அச்சுப் பிரதிக்கு ஒன்று, மின்நூலுக்கு வேறு ஒன்று. இரண்டு மொழி இருந்தாலும் ஒரே அட்டைக்குள் இருந்தால் எண் ஒன்றுதான் என்பதை நான் கேட்டுத் தெளிந்துகொண்டேன். இன்னொரு விஷயம், யார் பெயரில் எண் வாங்குகிறோமோ அவர்தான் பதிவேட்டில் பதிப்பாளர். நாளைக்கு ஒரு நூலகமோ கடையோ அந்த எண்ணை வைத்துத் தேடினால், நம்மை விட்டுவிட்டு அவரைத்தான் கேட்கும்.

பதிப்புரிமையும் அப்படித்தான். 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுதி முடித்த உடனேயே உரிமை நம்முடையது. எழுதியவர் வாழ்நாளும் அதற்கப்புறம் 50 வருஷமும் நிற்கும். புத்தகத்துக்குப் பதிவு என்று ஒன்று இங்கே கிடையாது. அத்தாட்சிக்கென்று நமக்கே ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளும் பழைய வித்தை பற்றி ஒருவர் கேட்டார். தபால்காரருக்கு வேலை, வேறொன்றுமில்லை என்றார் அங்கிள்.

நான் கேள்விப்படாதது, சட்டப்படி வைப்புப் பிரதி. 1997-ஆம் ஆண்டின் 54-ஆம் எண் சட்டம். புத்தகம் வந்ததும் நம் செலவில் பிரதி அனுப்ப வேண்டிய இடங்கள் ஐந்து: கேப் டவுனிலும் பிரிட்டோரியாவிலும் உள்ள தேசிய நூலகம், கேப் டவுன் நாடாளுமன்ற நூலகம், புளூம்ஃபொன்டைன் மங்காவுங் நூலகம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் முசுண்டுசி நூலகம். கடைசியது நமக்குப் பக்கம்தான், நேரிலேயே கொடுத்துவிடலாம். நூறு பிரதி போட்டு ஐந்து போகிறதே என்று ஒரு நிமிஷம் வயிறு எரிந்தது. அப்புறம், பாட்டிமாரின் கதை நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கப்போகிறது என்று தோன்றியதும் சரி என்றாகிவிட்டது.

மதியம் பீன்ஸ் பன்னி சாவ். ரொட்டியின் குடைந்த பகுதி ஓரம் வரை குழம்பு, உறைப்பு சரியான அளவு. இதற்கு நான் தனியாக மதிப்பெண் போடுவேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் பக்க வடிவமைப்பு. தமிழில் எழுதுகிறவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். அவரவர் கோப்பிலிருந்து ஒரு பக்கத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். இசிஸூலுவில் சிறுவர் கதை எழுதியிருந்த ஆசிரியைக்கு ஒரு சிக்கலும் இல்லை, அது ரோமன் எழுத்து. என் பக்கம் வந்தது. கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் தள்ளி நிற்கிறது, ‘கொ’ மூன்று துண்டாகக் கிடக்கிறது, நடுநடுவே புள்ளி வட்டங்கள். வடிவமைப்பாளர் பையன் ஃபான்ட் கெட்டுவிட்டது, வேறு வாங்க வேண்டும் என்றான். ஃபான்டில் ஒன்றும் இல்லை. தமிழில் கொம்பு கணினிக்குள் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டு, திரையில் முன்னால் வரையப்படுகிறது. அவர்கள் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கென்று ‘வேர்ல்ட் ரெடி’ கம்போசர் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை மாற்றினால் எழுத்துகள் தாமாக ஒழுங்காகிவிடும். சென்னையில் டிடிபி வேலை பார்க்கும் என் மதினி இதைப் போனிலேயே சொன்னாள். மாற்றினோம், சரியானது. பையன் நல்ல பையன்தான், ஆனால் தமிழ்ப் பக்கத்தை அவன் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறான். அவனுக்குப் ‘பக்க வடிவமைப்பு’ என்று 4,500 ரேண்ட் கொடுக்கச் சொல்கிறது பேக்கேஜ்.

எழுத்து சரியானாலும் வரி சரியாகாது. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரு சொல் வந்தால், இரண்டு பக்கமும் சீராக நிறுத்திய பத்தியில் அதற்கு முந்தைய வரி பல் விழுந்த வாய் போல ஆகிவிடுகிறது. தமிழ்ச் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று தெரிந்தவர்தான் இதைச் சரிசெய்ய முடியும். புள்ளி வைத்த எழுத்தில் வரி ஆரம்பிக்கக் கூடாது என்பது நம் அச்சகங்களில் பாலபாடம். அதை டர்பனில் யாரிடம் எதிர்பார்க்க முடியும்? 1903-இல் இதே ஊரில் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் தமிழிலும் வந்தது. ஆனால் தமிழில் எழுதவும் அச்சுக்கோக்கவும் ஆள் கிடைக்காமல், சில வருஷத்திலேயே அந்தப் பகுதியை நிறுத்த வேண்டிவந்தது. காந்தி நடத்திய பத்திரிகைக்கே அந்தப் பாடு.

ஆகவே தமிழ்ப் பக்கங்களை நீங்களே முடித்துக்கொண்டு, ஃபான்டை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆகக் கொண்டுபோவதுதான் வழி. நான் லிப்ரே ஆபிஸில் நோட்டோ செரிஃப் தமிழ் வைத்து அமைத்தேன், இரண்டும் இலவசம். பழைய பாமினி எழுத்தில் தட்டி வைத்திருப்பவர்கள் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அளவு ஏ5. நம்மூர் டெமி அளவு இங்கே கேட்டால் தாள் வெட்டில் வீணாகிறது என்கிறார்கள். மெய்ப்புப் பார்க்கப் பாளையங்கோட்டைப் பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கூலி கேட்கமாட்டார். “ஏட்டி, இந்த ஊர்ப் பெயரையெல்லாம் தமிழில் எப்படித்தான் எழுதணும்?” என்று தினமும் ஒரு போன், அதுதான் கூலி. ‘தொங்காட்’டா ‘டொங்காட்’டா என்று இன்னும் முடிவாகவில்லை.

இனி பேக்கேஜ் தாள். என் தொழில் புத்தி சும்மா இருக்குமா, பேனாவை எடுத்துவிட்டேன். ஐஎஸ்பிஎன் 950. பதிப்புரிமைப் பதிவு 1,200. வைப்புப் பிரதி அனுப்பும் பொறுப்பு 600. காலையில் அங்கிள் வாயால் இலவசம் என்றும் தேவையில்லை என்றும் நாமே அனுப்பலாம் என்றும் கேட்டவை, சாயங்காலத் தாளில் 2,750 ரேண்ட் ஆகியிருக்கின்றன. வடிவமைப்பு 4,500, அட்டை 3,500. மிச்சம் 7,750-க்கு 50 பிரதி, அதாவது ஒன்று 155 ரேண்ட். அதே கவுன்டரில், தயாரான கோப்போடு வருகிறவருக்கு 192 பக்கப் புத்தகம் 50 பிரதி என்ன விலை என்று கேட்டேன். ஒன்று 92 என்றார்கள். 100 போட்டால் 78. இதற்கு மேல் 15 சதவீதம் வாட் உண்டு. இந்தியாவில் அச்சிட்ட புத்தகத்தை விற்கும்போது ஜிஎஸ்டி கிடையாது, இங்கே பிரவுன் ரொட்டிக்கு விலக்கு உண்டு, புத்தகத்துக்கு இல்லை. நூறு பிரதிக்கு வாட்டோடு 8,970 ரேண்ட் ஆகிறது. அங்கிளிடம் தாளைக் காட்டினேன். “அது கவுன்டர் போடும் தாள்மா, நான் போட்டதில்லை” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் போதவில்லை.

அட்டைக்கு மட்டும் 3,500 கொடுக்கலாம் என்பேன். முதுகுத் தண்டின் அகலம், பார்கோடு இடம் எல்லாம் கணக்காகச் செய்கிறார்கள். அலமாரியில் இருந்த மாதிரிகள் நன்றாகவே இருந்தன.

மின்நூல் பற்றி அரைமணிகூட ஒதுக்கவில்லை, பெரிய குறை. கிண்டிலில் தமிழ் நூலை ஏற்றலாம், அமேசான் அதற்கு ஐஎஸ்பிஎன் கட்டாயமாக்கவில்லை என்ற இரண்டையுமே அங்கிள் சொல்லவில்லை. வரிப் படிவமும் பேச்சில் வரவில்லை. அதை ஒழுங்காக நிரப்பாவிட்டால் அமெரிக்க விற்பனையின் ராயல்டியில் 30 சதவீதம் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். தென்னாப்பிரிக்காவில் வரி கட்டுகிறவர் இரு நாட்டு ஒப்பந்தத்தைக் காட்டி அதைத் தவிர்க்கலாம். இதை நான் சொல்ல, போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.

சென்னையிலேயே ஒரு பதிப்பகத்தைப் பிடித்தால் என்ன என்று கேட்பீர்கள். தமிழ் மட்டும் உள்ள நாவல், கவிதை என்றால் அதுதான் சரி, இந்த வகுப்பு உங்களுக்கு வேண்டாம். ஒன்று மட்டும் மதினி சொல்லச் சொன்னாள்: ஜனவரிப் புத்தகக் காட்சிக்காக நவம்பர், டிசம்பரில் அங்கே அச்சகமும் டிடிபி ஆட்களும் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பார்கள். ஆனி, ஆடியிலேயே அனுப்பிவிடுங்கள். உங்கள் வாசகர் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருக்கிறார் என்றால், சென்னையில் அச்சிட்டு மிச்சம் பிடிக்கிற காசு கப்பல் கூலியில் போய்விடும். இங்கேயே போடுங்கள்.

வகுப்புக்கு ஐந்துக்கு நான்கு, பேக்கேஜுக்கு ஒன்று. வகுப்பு இங்கிலீஷில்தான் நடக்கும். லேப்டாப்பும் உங்கள் கோப்பில் ஐந்தாறு பக்கமும் கொண்டுபோங்கள், வெறுங்கையோடு போனவர்களுக்கு மதியத்துக்கு மேல் வேலையில்லை. எட்டரைக்கு முன்னால் போனால்தான் வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும்.