கையைக் கட்டிக்கொண்டு சொல்லித்தரும் சைக்கிள் பட்டறை

கிழக்கு லண்டனில் ஒரு ரயில் பாலத்து வளைவுக்கு அடியில் இருக்கிறது இந்தச் சமூக சைக்கிள் பட்டறை. "பழைய சைக்கிள் சும்மா கொடுப்பாங்களாமே, போகலாமா?" என்று தமிழ் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். சனிக்கிழமைகளில் நான் அங்கே தன்னார்வலராக வேலை பார்ப்பதால், வாடிக்கையாளர் கண்ணில் படாத உள்பக்கத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது, அடுத்த சனிக்கிழமை அவர்களோடு உட்கார்ந்து டீயும் குடிக்க வேண்டியிருக்கிறது.

முதல் விஷயம்: இங்கே யாரும் உங்கள் சைக்கிளைச் சரிசெய்து தர மாட்டார்கள். ஊரில் பஞ்சர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, பின்வீலு" என்று சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கப் போவோமே, அந்தப் பழக்கத்தோடு வந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். வண்டியை ஸ்டாண்டில் மாட்டித் தருவார்கள். ஸ்பேனர் தருவார்கள். இடது பெடலின் மரை தலைகீழ், அதைக் கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். திருப்ப வேண்டியது நீங்கள். சொல்லிக்கொடுப்பவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது பட்டறையின் எழுதாத சட்டம். எங்களோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இதில் ரொம்பக் கறார். புதுப் பையன் ஒருவன் செயினோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து நான் கொஞ்சம் குனிந்தால் போதும், "பிள்ளை, கையை வையாதேங்கோ. அவனே கழட்டட்டும்" என்று பின்னாலிருந்து குரல் வரும். பெட்ரோலே கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலத்தை யாழ்ப்பாணத்தில் சைக்கிளிலேயே ஓட்டியவர். அவரிடம் யார் வாதாடுவது?

இதனால் பிரேக் கட்டை மாற்றுவதற்கே ஒரு மாலை முழுக்கப் போய்விடும். அவசரம் என்றால் காசு கொடுத்துக் கடைக்குப் போங்கள். நேரம் இருக்கிறது, கற்றுக்கொள்ள ஆசையும் இருக்கிறது என்றால் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஸ்டாண்டுக்கு மணிக்கணக்கில் கட்டணம் எழுதி ஒட்டியிருப்பார்கள். முடியாதவர் முடிந்ததைப் போடலாம், யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள்.

தன்னார்வலர் வேலை என்றதும் பளபளவென்று சைக்கிள் கட்டிக் கொடுப்பதுதான் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலான நேரம் பிரிப்பதில்தான் போகிறது. தானமாக வந்த வண்டி ஒவ்வொன்றும் தேறுமா என்று முதலில் பார்க்க வேண்டும். கிராங்குக்கு அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் எண்ணை பைக்ரெஜிஸ்டர் தளத்தில் போட்டு, திருட்டு வண்டியா என்று பார்ப்போம். அப்புறம் முன்சக்கரத்தில் தொடங்கி, மேலே ஹேண்டில்பார், கீழே கிராங்க், மறுபடி மேலே சீட், கடைசியில் பின்சக்கரம் என்று ஆங்கில எம் எழுத்தை வரைவதுபோல் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்ப்பது. செயினை ஸ்கேலால் அளப்போம். புதிதில் சரியாக 12 இன்ச் இருக்கும் செயின் பகுதி, தேய்ந்து 1/16 இன்ச் கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 1/8 இன்ச் கூடியிருந்தால் அநேகமாகப் பல்சக்கரமும் சேர்ந்தே போயிருக்கும்.

வருகிற வண்டிகளில் எங்களுக்குத் தலைவலி, சூப்பர் மார்க்கெட்டில் மலிவாக வாங்கிய, முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த மவுண்டன் சைக்கிள்கள். பார்க்கப் புத்தம் புதுசு. பிரேக் லீவர் பிளாஸ்டிக், ரிம் மெல்லிசு, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதைச் சரிசெய்யப் போடும் உழைப்பில் நல்ல பழைய வண்டிகள் இரண்டைத் தேற்றிவிடலாம். அதனால் டயர், சீட், கேபிள் என்று உருவ முடிந்ததை உருவிக்கொண்டு மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போடுகிறோம். கொண்டு வந்து கொடுத்தவர் நின்று பார்த்தால் அவருக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஆனால் எதைத் தொடக் கூடாது என்று ஐந்து நிமிடத்தில் முடிவெடுப்பதில்தான் இந்தப் பட்டறையின் திறமை இருக்கிறது. எல்லாவற்றையும் காப்பாற்றியே தீருவேன் என்று இறங்கினால் வளைவு முழுக்கக் குப்பை சேர்ந்து, நிற்கக்கூட இடம் இருக்காது.

எதிர்ப்பக்கம், யாரோ தோட்டத்துக் கொட்டகையில் பல வருஷம் போட்டுவைத்த ராலே என்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனி வண்டி வந்து சேரும். துருப்பிடித்த மட்கார்டு, வெடித்த டயர். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைத் துணியால் துடைத்தால் ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற கம்பெனிப் பெயர், பக்கத்தில் ஏ.டபிள்யூ. என்ற மாடல் பெயர், அது தயாரான வருஷத்தின் கடைசி இரண்டு எண்கள். 68 என்று இருந்தால் 1968. மூன்று கியரும் ஹப்புக்கு உள்ளேயே இருக்கும். மெல்லிய ஆயிலை ஊற்றிச் சுற்றவிட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். வலது பக்க நட்டில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். லீவரை இரண்டாவது கியரில் வைத்துவிட்டு அந்த ஓட்டை வழியே பார்த்தால், உள்ளே இருக்கும் கம்பியின் விளிம்பு அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். அதற்கேற்பக் கேபிள் திருகை ஏற்றி இறக்கிவிட வேண்டும். சரியாக நிற்காவிட்டால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கியரே இல்லாத ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் சும்மா சுழன்றால் என்ன ஆகும் என்று ஆண்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அந்த ராலேயின் கிராங்கைப் பிரிக்கும்போது இன்னொரு தொல்லை. அதன் மரை இன்ச்சுக்கு 26 சுற்று. மற்ற பிரிட்டிஷ் வண்டிகளுக்கு 24. மாற்றிப் போட்டால் ஃபிரேமே கெட்டுவிடும். இந்த 24 மரைக்கு உலகம் முழுக்க இன்றும் பி.எஸ்.ஏ. மரை என்றுதான் பெயர். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் புண்ணியத்தில் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் நமக்கு வீட்டுப் பெயர்கள். இரண்டுமே பர்மிங்காமில் பிறந்தவை என்பது இங்கே கிரீஸ் கையோடு நிற்கும்போதுதான் உறைக்கிறது.

பழையது வாங்க வருகிறவர்களுக்கு: சும்மா கிடைக்காது, ஆனால் விலை நியாயம். பிரேக், செயின், கேபிள், டயர் எல்லாம் பார்த்து, சக்கரத்தின் கோட்டம் எடுத்து, இரண்டாவது ஆளும் சோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே விற்பனைக்கு வைப்பார்கள். பெயின்டில் கீறல் இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள். ஐந்தடி சொச்சம் உயரமுள்ள நம் பெண்களுக்குத்தான் ஏமாற்றம். தானமாக வருவதில் பாதிக்கு மேல் நெட்டை ஆண்களின் வண்டிகள். சின்ன ஃபிரேம் வந்த அன்றே போய்விடும். காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிவைப்பார்கள், அந்த நோட்டை எப்போது திறந்து பார்ப்பார்கள் என்பது வேறு கதை.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் உள்ளே விரல் விறைத்துப்போகும். ஐந்து எம்.எம். ஆலன் கீ எப்போதும் காணாது, கிடைத்தாலும் முனை மழுங்கியிருக்கும். மின்னஞ்சலுக்குப் பதில் வருவது அபூர்வம், நேரில் போவதுதான் வழி. தன்னார்வலராகச் சேர்ந்தாலும் ஆரம்பத்தில் டியூப் ஒட்டுவதும் தரை கூட்டுவதும்தான் கிடைக்கும்.

சீர்செய்த வண்டிகளில் ஒரு பங்கு அகதிகளுக்குப் போகிறது. லண்டனில் 2013 முதல் தி பைக் புராஜெக்ட் என்ற அறக்கட்டளை இதையே முழு வேலையாகச் செய்கிறது. எங்களுடையது சிறிய அளவு. புகலிடம் கேட்டுக் காத்திருப்பவர்கள் முதல் ஒரு வருஷம் பொதுவாக வேலைக்குப் போக முடியாது. அரசு கொடுப்பது வாரத்துக்கு 50 பவுண்டுக்கும் குறைவு. லண்டன் பஸ் பாஸுக்கே ஏறக்குறைய பாதி போய்விடும். வழக்கறிஞர், மருத்துவர், ஆங்கில வகுப்பு என்று ஊரின் நாலு மூலைக்கும் அலைய வேண்டியவர்களுக்கு ஒரு சைக்கிள் என்ன செய்யும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதிலும் அதே விதிதான். வண்டியை வாங்கிக்கொண்டு ஓடிவிட முடியாது. பக்கத்தில் நின்று பஞ்சர் ஒட்டவும் பிரேக் முடுக்கவும் கற்றுக்கொண்டுதான் போக வேண்டும். ஐயாவும் நானும் மொழிபெயர்ப்புக்கு இருப்பதால் ஈழத்துப் பையன்கள் சனிக்கிழமை பார்த்து வருகிறார்கள். பாதிப் பேருக்குச் சொல்லித்தர எதுவுமே இருக்காது. டிஸ்க் பிரேக் மட்டும்தான் அவர்களுக்குப் புதுசு.

கோடையில் பக்கத்துப் பூங்காவில் பெண்களுக்கு ஓட்டக் கற்றுத்தருகிறார்கள். நான் புதுக்கோட்டைக்காரி. 90களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகிய கதையைச் சொன்னால், பூங்காவில் சோமாலியப் பெண்கள் நம்ப மறுக்கிறார்கள். அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தும் ஒரு பெண்தான் என்றதும், "பின்னே வேறு யார் செய்வார்கள்?" என்றாள் ஒருத்தி.

இங்கே விலைபோகாத 26 இன்ச் சக்கர வண்டிகளும் வீணாவதில்லை. கோல்செஸ்டரில் 1998 முதல் இயங்கும் ரீ-சைக்கிள் போன்ற அமைப்புகள் இப்படிப்பட்ட வண்டிகளை வாங்கி ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றுகின்றன. அதனால் 2020 ஊரடங்கில் ஆசையாக வாங்கி, இப்போது பால்கனியில் துணி காயப்போட உதவும் அந்தச் சைக்கிளைக் கொண்டு வாருங்கள். பூட்டு போட்டிருந்தால் சாவியையும் எடுத்து வாருங்கள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் வந்தால் நல்லது, அதற்கு முன்னால் நாங்கள் அந்த ஐந்து எம்.எம். ஆலன் கீயைத் தேடிக்கொண்டிருப்போம்.