பல்லுள்ள மீனுக்கு எந்த லீடர்? ஃப்ளூரோகார்பன், ஸ்டீல் வயர், டைட்டானியம்: ஓர் ஒப்பீடு

தூண்டில் நரம்பை மீன் அறுத்துக்கொண்டு போனதும் புது முள்ளைத் தேடுவதற்கு முன் அறுந்த நுனியை விரலில் எடுத்துப் பாருங்கள். ஸ்பிரிங் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. ஓரடி நீளத்துக்குச் சொரசொரவென்று உரிந்திருந்தால் பாறையிலோ சுறாவின் தோலிலோ உரசியிருக்கிறது. பிளேடால் நறுக்கியதுபோல் சுத்தமாக இருந்தால்தான் அது பல்லின் வேலை. இந்த மூன்றில் மூன்றாவதுக்கு மட்டும்தான் லீடரின் (பிரதான நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் துண்டு) பொருளை மாற்ற வேண்டும். மற்ற இரண்டுக்கும் மருந்து வேறு.

பலர் சறுக்குவது பவுண்டு கணக்கில். பாக்கெட்டில் போட்டிருக்கும் 40, 60, 80 எல்லாம் எவ்வளவு இழுத்தால் அறும் என்பதற்கான எண். எவ்வளவு கடித்தால் அறும் என்று அது சொல்லாது. விறைப்பாக இழுபட்ட நரம்பில் கூர்மையான விளிம்பு லேசாகப் பட்டாலே போதும், நார்கள் தாமாகவே விட்டுப்போகும். அதனால்தான் இழுவையில் அசாத்திய பலம் கொண்ட பிரெய்டு (பின்னல் நூல்), வஞ்சிரத்தின் பல்லுக்கு முன் நொடியும் நிற்பதில்லை. பிரெய்டை நேரடியாக லூரில் (செயற்கை இரையில்) கட்டுவது பல்லுள்ள மீன் இருக்கும் தண்ணீரில் வேண்டவே வேண்டாம்.

ஃப்ளூரோகார்பனும் நைலானும்

தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. ஃப்ளூரோகார்பன் நரம்புடையது ஏறக்குறைய 1.42, நைலான் நரம்புடையது 1.5-க்கு மேல். ஃப்ளூரோகார்பன் கண்ணுக்கு எடுபடாது என்று சொல்வதற்கு அடிப்படை, அதன் எண் தண்ணீரின் எண்ணுக்கு நெருக்கமாக இருப்பதுதான். நைலான் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் பலம் இழக்கும், ஃப்ளூரோகார்பன் உறிஞ்சாது. மேற்பரப்பும் கடினம், உரசலைத் தாங்கும். ஆனால் உரசல் வேறு, வெட்டு வேறு. பாறையில் தாக்குப்பிடிக்கும் 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன், பரகுடாவின் ஒரே கடியில் போய்விடும்.

பல்லுக்காகவே ஃப்ளூரோகார்பன் போடுவதென்றால் 80 பவுண்டுக்குக் கீழே பேச்சே இல்லை. அதன் தடிமன் 0.8 மி.மீ.க்கு மேல். இங்கேதான் யோசிக்க வேண்டும்: 4-ஆம் எண் ஒற்றை இழை ஸ்டீல் வயரின் தடிமன் 0.33 மி.மீ. மட்டுமே. "வயரைப் பார்த்தால் மீன் மிரளும்" என்று சொல்லி, அதைவிட இரண்டரை மடங்கு தடித்த நரம்பைப் போடுகிறோம். தெளிந்த தண்ணீரில், மெதுவாக இழுக்கும் இரைக்கு ஃப்ளூரோகார்பன் கூடுதல் கடி வாங்கித் தரும் என்பது உண்மை. ஆனால் 100 பவுண்டையும் பைக் மீன் (குளிர்நாட்டு நன்னீரில் வாழும், கூர்பல் கொண்ட வேட்டை மீன்) அறுக்கும். அது அறுத்துக்கொண்டு போகும்போது மூன்று முள் ட்ரெபிளும் அதன் வாயோடு போகிறது, வாயை மூட முடியாமல் மீன் சாகலாம். ட்ரெபிள் முள் போட்டு பைக் பிடிப்பவர்கள் வயரையே போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஃப்ளூரோகார்பன் ஓரளவு நியாயமாகும் இடம் ஒன்று உண்டு: உயிர் இரையும் சர்க்கிள் முள்ளும் (நுனி உள்நோக்கி வளைந்த முள்). சர்க்கிள் முள் வாயின் ஓரத்தில் மாட்டும் என்பதால் நரம்பு பல்வரிசைக்கு வெளியே கிடக்க வாய்ப்பு அதிகம். வழக்கமான ஜே வடிவ முள்ளை மீன் விழுங்கிவிட்டால் நரம்பு முழுக்கப் பல்லுக்கு நடுவே ஓடும்.

80 பவுண்டுக்கு மேல் முடிச்சு சரியாக இறுகாது, ஸ்லீவ் (சிறு உலோகக் குழாய்) போட்டு நசுக்குங்கள். அலுமினிய ஸ்லீவ், இரட்டைக் குழாய். ஸ்லீவின் இரு முனையிலும் ஒரு மி.மீ. நசுக்காமல் விடுங்கள். முனைவரை நசுக்கினால் ஸ்லீவின் விளிம்பே நரம்பை வெட்டும். வால் நுனியை 2 மி.மீ. வெளியே விட்டு, லைட்டரில் லேசாக உருக்கிச் சிறு உருண்டையாக்கினால் வழுக்காது. சுடர் பிரதான நரம்பைத் தொட்டுவிடக் கூடாது.

ஒற்றை இழை ஸ்டீல்

வஞ்சிரம், பரகுடா, வாளை என்று எதுவானாலும் பல்லால் வெட்ட முடியாத வயர் இது. தடிமனுக்கு எடுத்துக்கொண்டால் வயர்களில் இதைவிடப் பலமானது இல்லை, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சத்தமில்லாமல் போகும். குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை: மடங்கினால் தொலைந்தது. மடிந்த இடத்தை நீவி நிமிர்த்தினாலும் பலம் திரும்பாது. மடிப்பு கண்ணில் பட்ட உடனே வெட்டிப் போட்டு வேறு கட்டுங்கள்.

இதற்கு ஸ்லீவ் உதவாது, வழவழப்பில் நழுவிவிடும். ஹேவயர் முறுக்குதான். முள்ளின் கண்ணுக்குள் வயரை விட்டுச் சிறு வளையம் ஆக்கி, இரண்டு கால்களையும் அகலமாக விரித்துப் பிடியுங்கள். இரண்டு காலும் ஒன்றையொன்று சமமாகத் தழுவி எக்ஸ் எக்ஸ் ஆக விழும்படி 4 அல்லது 5 முறுக்கு. ஒரு கால் நேராக நிற்க மற்றது அதைச் சுற்றினால் அது முறுக்கே அல்ல, பாரம் ஏறியதும் அவிழும். பிறகு வால் காலைச் செங்குத்தாகத் திருப்பி, பிரதான வயர் மேல் இடைவெளி இல்லாமல் 5, 6 சுற்று. கடைசியில் வாலை ராட்டினக் கைப்பிடிபோல ‘எல்’ வடிவில் வளைத்து ஆட்டுங்கள், தானே ஒட்ட முறியும். கட்டரால் வெட்டினால் நிற்கும் முனை, மீனைத் தூக்கும்போது உள்ளங்கையைக் கிழித்துவிடும்.

வயர் எண்கள்: சிறு வஞ்சிரத்துக்கும் வாளைக்கும் 3 அல்லது 4, பெரியவற்றுக்கு 5 முதல் 7 வரை. வயரின் நீளம் 15 முதல் 20 செ.மீ. போதும், மேலே ஃப்ளூரோகார்பன் தொடரட்டும். பைக் மீனுக்கு 30 செ.மீ.க்குக் குறைய வேண்டாம், அது இரையைக் குறுக்காகக் கவ்வித் தலையை உதறும். மினுங்கும் வயரைவிடப் பழுப்பு நிற வயரையே எடுங்கள்.

பல இழை வயர்

7 இழை வயர் ஓரளவு விறைப்பு, 49 இழை வயர் நன்றாக வளையும். சுருட்டி வைக்கலாம், எளிதில் மடங்காது. லூரின் ஆட்டத்தையும் கெடுக்காது. ஆனால் ஒவ்வொரு இழையும் மெல்லியது என்பதை மறக்கக் கூடாது. மீனின் பல் ஒவ்வொன்றாக அறுக்கும். இரண்டு இழை சிலிர்த்துக்கொண்டு நின்றால் அந்த லீடரின் ஆயுள் முடிந்தது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் ஒரு துணியால் உருவிப் பாருங்கள், அறுந்த இழை துணியில் மாட்டும்.

நைலான் உறை போட்டதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைக்கு இதம், ஆனால் முதல் மீனிலேயே உறை கிழியும், உள்ளே உப்புத் தண்ணீர் தங்கித் துரு பிடிப்பது வெளியே தெரியாது. வயருக்கு அலுமினிய ஸ்லீவ் போடாதீர்கள், கடல் நீரில் ஸ்டீலோடு சேர்ந்து அரிக்கும். செம்பு ஸ்லீவ் போடுங்கள்.

சுறாவுக்குப் பல இழை வயரே முதல் தேர்வு. அங்கே பல்லைவிட நீளமே பிரச்சினை. மீன் உருளும்போது மேலே இருக்கும் நரம்பை அதன் தோல் உப்புத்தாள்போல் தேய்த்துவிடும். ஆகவே மீனின் நீளத்துக்குக் குறையாமல் லீடர் வேண்டும். வயருக்கு மேல் தடித்த நைலானைச் சேர்த்தும் அந்த நீளத்தை ஈடுகட்டலாம்.

டைட்டானியம்

பெயர் டைட்டானியம் என்றாலும் இது நிக்கலும் கலந்த உலோகம். விரலில் சுற்றி விட்டால் மறுபடி நேராகிவிடும், அதுதான் இதன் முழுப் பெருமை. ஸ்டீலைவிட இலேசு என்பதால், தண்ணீரில் அந்தரத்தில் நிற்க வேண்டிய லூரைக் கீழே இழுக்காது. துரு கிடையாது. ஒரே லீடரில் பல நாள் ஓட்டலாம். விலை அதிகம், ஆனால் பைக் மீனுக்கு லூர் வீசுபவர்களுக்கு அது வீண் செலவல்ல.

ஹேவயர் முறுக்கு இதில் நிற்காது, விறைத்துத் திறந்துவிடும். எட்டு வடிவ முடிச்சோ, 3 சுற்று கிளிஞ்சோ போட்டு, வால் நுனியை இடுக்கியில் பிடித்து மெதுவாக இறுக்குங்கள். வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு கோணலாகிவிடும். கவனிக்க வேண்டியது இன்னொன்று: முறிவதற்கு முன் எந்த அறிகுறியும் காட்டாது. நன்றாக இருப்பதுபோலவே இருந்து திடீரென்று முடிச்சருகே போகும். அந்தப் பகுதியை அவ்வப்போது வெட்டிப் புதிதாகக் கட்டுவதே பாதுகாப்பு.

வயர் போட்டும் அறுகிறதா?

அறுந்தது வயருக்கு மேலே என்றால் ஸ்விவலை (வயரையும் நரம்பையும் இணைக்கும் சுழல் வளையம்) பாருங்கள். கூட்டமாக வரும் வஞ்சிரம் பளபளக்கும் ஸ்விவலையும், அது இழுத்து வரும் குமிழிகளையும் இரையென்று பாய்ந்து கடிக்கும். சின்ன, கறுப்பு நிற ஸ்விவலுக்கு மாறுங்கள். ஸ்விவலே இல்லாமல் வயரை ஃப்ளூரோகார்பனோடு ஆல்பிரைட் முடிச்சால் இணைத்தால் இன்னும் நல்லது.