ஆர்கன் இசை: முதலில் பாக்கா, சேசர் ஃபிராங்க்கா?

ஜெர்மனியின் யோஹான் செபாஸ்டியன் பாக் 18ஆம் நூற்றாண்டுக்காரர், பாரிஸில் வாழ்ந்த ஃபிராங்க் 19ஆம் நூற்றாண்டுக்காரர். இருவருமே தேவாலய ஆர்கன் (குழாய்களில் காற்றுச் செலுத்தி ஒலிக்கும் பெரிய இசைக்கருவி) வாசித்தபடி இசையமைத்தவர்கள். யாரிடம் தொடங்குவது என்று பலர் தயங்குகிறார்கள்.

நேரம்: பாக்கின் 'ஆர்கெல்பூக்லைன்' ('சிறிய ஆர்கன் புத்தகம்') தொகுப்பில் பெரும்பாலானவை ஓரிரு நிமிடம்தான். ஃபிராங்க் 1890இல், தன் கடைசி ஆண்டில், எழுதிய மூன்று கோரல்கள் (தேவாலயப் பாடல் சாயலில் அமைந்த ஆர்கன் படைப்புகள்) ஒவ்வொன்றும் ஏறத்தாழ கால் மணி நேரம்.

எளிமை: இதில் பாக்தான். அதே தொகுப்பில், பைபிளின் ஆதாமின் வீழ்ச்சியைச் சொல்லும் பாடலில், காலால் மிதிக்கும் கட்டைகளில் சுரம் திடும் திடுமென்று கீழே விழும். மொழி தெரியாதவருக்கும் கதை புரிந்துவிடும். ஃபிராங்க்குக்குப் பொறுமை வேண்டும். பாரிஸின் செயின்ட் குளோடில்ட் தேவாலயத்தில், ஆர்கன் செய்வதில் பெயர்பெற்ற கவாயே-கோல் செய்த ஆர்கனில் 30 ஆண்டுகளுக்கு மேல் ஊறிய மனிதர். ஒலி மெல்ல மெல்லத்தான் பெருகும்.

சரி, பஸ்ஸில் கேட்க பாக். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க ஃபிராங்க்: மூன்றாவது கோரலின் நடுப்பகுதி எனக்கு ஒவ்வொரு முறையும் கண்ணைக் கலங்க வைக்கிறது.