பென்ஷனா, இபிஎஃப்பா? எங்க வீட்டுல ரெண்டும் இருக்கு

எங்கப்பா மலேசியாவுல, கோலாலம்பூர் செந்தூல்ல இருந்து 30 வருஷம் கவர்மெண்ட் வேலைக்குப் போனவரு, கடைசி சம்பளத்துல 60 விழுக்காடுன்னு கணக்கு பண்ணி மாசாமாசம் பென்ஷன் வருது, அவரு காலத்துக்கப்புறம் அம்மாவுக்கும் கிடைக்கும். நான் பிரைவேட், எனக்கு இபிஎஃப், அதாவது தொழிலாளர் சேமநிதி மட்டும்தான்.

பென்ஷன் காசு எங்கருந்து வருது? பெரும்பாலும் அரசாங்க பட்ஜெட்லருந்துதான், அதாவது இன்னைக்கு வரி கட்டுறவங்க காசு. 2007-ல பென்ஷனுக்குன்னே குவாப்னு (KWAP) தனி நிதி வச்சாங்க, ஆனாலும் பெரிய பாரம் பட்ஜெட் தலையிலதான். ஆளுங்க ரொம்ப நாள் வாழ வாழ அந்த பில்லு ஏறிக்கிட்டே போகும்.

இபிஎஃப் அப்படி இல்ல, 1951-லருந்து இருக்கு, என் சம்பளத்துல 11 விழுக்காடு, முதலாளி 12, சம்பளம் 5000 வெள்ளிக்குள்ளன்னா 13, எல்லாம் என் பேர்லயே சேருது. யார் தலையிலயும் கடன் இல்ல. ஆனா 55 வயசுல மொத்தமா எடுத்து செலவழிச்சிட்டா அவ்ளோதான், கோவிட் சமயத்துல முன்கூட்டியே எடுக்க விட்டதுல மட்டும் 14,500 கோடி வெள்ளி வெளிய போச்சு, அதுல பாதிக்கப்பட்டது சம்பளம் கம்மியா வாங்குறவங்கதான், அத நெனச்சா இன்னமும் மனசு கஷ்டமா இருக்கு.

2024 பிப்ரவரிலருந்து புதுசா கவர்மெண்ட்ல சேர்றவங்களுக்கும் பென்ஷன் கிடையாது, இபிஎஃப்தான். பட்ஜெட்டுக்கு அது சரிதான், ஒத்துக்குறேன். ஆனா 1700 வெள்ளி சம்பளத்துல ஒருத்தர் எவ்ளோதான் சேர்ப்பாரு? அவங்களுக்கு அரசாங்கம் கொஞ்சம் போட்டு, மாசாமாசம் சம்பளம் மாதிரி கொடுக்கணும்.